ஊர்வழி வந்த பெயர்கள்

உலகில் ஒருவரைப் பிறரினின்று பிரித்தறிதற்குப் பெயர் இன்றியமையாதது. பெயர்களுட் சில பெற்றோர் இட்டவை. சில தொழிலால் வந்தவை. சில ஒருவர் பிறந்த ஊராலோ வாழ்ந்த ஊராலோ வந்தவை. ஊர்கள் தமக்குப் பெயர் பெற்ற வரலாற்றைச் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946-ஆம் ஆண்டில் வெளியான ‘ஊரும் பேரும்’ என்னும் நூலில் இனிது விளக்கியுள்ளார்கள். அதன் மறுபுறத்தை, அஃதாவது ஊர்கள் மக்களுக்குப் பெயர் தந்த வரலாற்றை, யாம் ஈண்டு ஒரு சிறிது ஆராயப் புகுகின்றோம். இவ்வாராய்ச்சி இலக்கணத்தில் தொடங்குவதேயாயினும் இலக்கணத்தோடு முடிவதன்று என்பது போகப் போகப் புலனாம்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துப் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை வகுக்குமிடத்து நிலப்பெயரை முதலிலும் குடிப்பெயரை அதனை அடுத்தும் வைத்தனர். நிலப்பெயருக்கு உரையாசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகள் அருவாளன், சோழியன் என்பன. அருவா நாட்டிற் பிறந்தோன் அருவாளன். சோழ நாட்டிற் பிறந்தோன் சோழியன். இவ்விரு சொற்களையும் அன்பர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இவற்றைக் கடல் கடந்த இடத்தும் காண்போம். நன்னூலாரும் பெயர்ப் பகுபதங்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறன் அடியாகப் பிறப்பன என்று வகுத்து, இடத்தை இரண்டாவதாக வைத்தனர்.

இத்தகைய பெயர்கள் அமையும் முறையை அறிதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையினின்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார இரயிலில் ஏறியமர்ந்து, நிலையங்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே சென்றாற் போதும். எண்ணூர், மீஞ்சூர் என்பன மெய்யீற்றுச் சொற்கள். ஆன் விகுதி நேரே வந்து சேர எண்ணூரான், மீஞ்சூரான் என்றாகும். அத்திப்பட்டு என்பது குற்றியலுகர ஈறு; உகரம் கெட்டு அத்திப்பட்டான் என்றாகும். நந்தியம்பாக்கம் மகர ஈறாதலின் அத்துச் சாரியை பெற்று நந்தியம்பாக்கத்தான் என்றாகும். பொன்னேரி இகர ஈறு. யகர உடம்படுமெய் தோன்றிப் பொன்னேரியான் என்றாகும். இரயிலை விட்டிறங்கிக் கடற்கரைப் பக்கமாகச் சென்றால், பழவேற்காடு என்பது டகரம் இரட்டித்துப் பழவேற்காட்டான் என்று நிற்பதைக் காணலாம். புணரியல் முழுவதையும் ஒரு மணி நேரப் பயணத்தில் கற்பிக்க வல்லது அவ்விரயில் என்று கூறினும் மிகையாகாது.

விகுதிகளும் பலவாம். அன், ஆன் என்பன ஆண்பால் ஒருமைக்கு வருவன. ஆள் என்பது பெண்பாற்கு வருவது. அர், ஆர் என்பன பலர்பாற்கும் உயர்வு குறித்த ஒருமைக்கும் வருவன. தோட்டக்காரன், வேலைக்காரன் எனத் தொழிலும் உடைமையும் பற்றி வரும் காரன் என்னும் ஈறு, இக்காலப் பேச்சில் ஊர்ப்பெயரோடும் தாராளமாகச் சேர்ந்து மதுரைக்காரர், சென்னைக்காரர் என நிற்கின்றது. வாசி என்னும் வடமொழிச் சொல்லைச் சேர்த்துச் சென்னைவாசி என்பதும் உண்டு. ஆயினும் இவை யாவும் ஒரு பொருளன என்று எண்ணுவது பிழை. மீஞ்சூரார், மீஞ்சூர்க்காரர், மீஞ்சூரான் என்னும் மூன்றும் ஒருவரையே சுட்டலாம். அவரைச் சொல்லுவோன் மனத்தில் அவருக்குள்ள இடம் எது என்பதையோ ஈறே காட்டிவிடும். ஊர்ப்பெயர் ஒருவரது இருப்பிடத்தை உணர்த்த, விகுதி அவருக்கு நாம் தரும் இருக்கையை உணர்த்துகின்றது.

இனி, இச்சொற்கள் எங்கே பிறக்கின்றன என்று நோக்குவோம். வடகாஞ்சி என்று வழங்கும் எம் ஊராகிய மீஞ்சூரில் ஒருவரையும் மீஞ்சூரார் என்று எவரும் அழைப்பதில்லை. அழைத்தால் யாரைக் குறித்தது அச்சொல் என்று விளங்காது; தெருவிலுள்ளோர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். மீஞ்சூரை விட்டுத் திருவொற்றியூருக்கோ தாம்பரத்துக்கோ சென்ற அன்றே ஒருவர் மீஞ்சூரார் ஆகின்றார். எனவே ஊர்வழிப் பெயர் ஒருவர் தம் ஊரில் இருக்கும்போது பெறுவதன்று. அவ்வூரை விட்டு வந்தபின், வந்த இடத்தார் வாயிற் பிறப்பது. எம் தெருவில் பழவேற்காட்டிலிருந்து மருமகளாக வந்து நாற்பதாண்டு கழித்த மூதாட்டியார் ஒருவர் உளர். பேரன் பேத்திகளைக் கண்டும், ஊர்ப் பொதுக் காரியங்களில் முன்னின்றும், அவர் இன்றும் ‘பழவேற்காட்டம்மா’தான். பிறந்த ஊரில் அவருக்கு அப்பெயர் இல்லை. வாழ வந்த ஊர் அதனைத் தந்தது. நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் மணம் புரிந்து வந்த பெண்டிருக்கு நிகழ்வது இதுவே.

இவ்வுண்மையை மொழியே நமக்கு உணர்த்துகின்றது. ஊர் என்னும் ஒரு சொல்லினின்று ஊரன், ஊரான் என இரண்டு பெயர்கள் தோன்றின. ஊரன் என்பான் சங்கப் பாடல்களில் மருதநிலத் தலைவன். ஊரான் என்பதோ வழக்கில் அயலான் என்னும் பொருளே தருவது. ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்னும் பழமொழியில் ஊரான் யாவன்? நம்மவன் அல்லாதவன். அவ்வாறே நாடன் என்பது குறிஞ்சித் தலைவனுக்குப் பெயராக, நாட்டுப்புறத்தான் என்பது நகரத்தார் நகைக்கும் சொல்லாயிற்று. விகுதியும் சாரியையும் சற்று மாறிய அளவில் தலைவன் அயலானாகிவிட்டான்! ஊரும் நாடும் நம்மைத் தாங்கும் சொற்கள். அவை பிறரைச் சுட்டும்போது வேலியாகிவிடுகின்றன.

நிற்க. பண்டைப் புலவர்கள் இம்முறையால் பெற்ற பெயர்களைக் காண்போம். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், மாங்குடி மருதனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார் எனச் சங்கப் புலவருட் பலர் ஊரை முன்னிட்டே அறியப்படுகின்றனர். கிழார் என்றமைந்த பெயர்கள் சிலவற்றில் இயற்பெயரே இல்லை, ஊரே எஞ்சியது. இவருள் வியப்புக்குரியவர் கணியன் பூங்குன்றனார். எல்லா ஊர்களையும் தம்மூராகவும் எல்லாரையும் தம் உறவினராகவும் கொண்ட புறப்பாட்டை இயற்றியவர் அவர். அவருடைய பெயரிலோ தொழிலும் ஊருமன்றி வேறொன்றும் இல்லை. கணியன் என்பது தொழில். பூங்குன்றம் என்பது ஊர், இன்று சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி எனக் கொள்ளப்படுவது. எல்லா ஊரும் தமக்கு ஒன்றே என்ற பெரியாரையும் உலகம் ஓர் ஊராலேயே நினைவு வைத்திருக்கின்றது.

வடசென்னையார் நன்கறிந்த சான்று பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்திற் பிறந்தமையால் பட்டினத்தார் எனப்பட்டார் என்பது மரபு. அவருக்குப் பெற்றோர் இட்டதாகக் கூறப்படும் திருவெண்காடர் என்னும் பெயரும் சோழ நாட்டுத் திருவெண்காட்டை ஒட்டியதே. பிறப்பிலும் துறவிலும் ஊரே பெயராகப் பெற்ற அவர் இறுதியில் திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கினார் என்பர்; அவர்தம் சமாதிக் கோயில் அங்கு இன்றும் உள்ளது. உற்றார், வீடு, செல்வம் அனைத்தையும் துறந்தவரை அவரது பட்டினம் மட்டும் விடவில்லை.

திருவொற்றியூர்க்குத் தெற்கே தண்டையார்ப்பேட்டை உளது. இதன் பெயர்க்காரணமாக வழங்கும் ஒரு செய்தி உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு என்னும் இசுலாமிய ஞானியார் தொண்டிப் பக்கத்தினின்று வந்து வடசென்னையில் தங்கினார். மக்கள் அவரைத் தொண்டியார் என்றழைத்தனர். தொண்டியார்ப்பேட்டையே தண்டையார்ப்பேட்டை என மருவியது என்பது அது. கேட்பதற்கு இனிய செய்தி. ஓர் ஊர் மனிதர்க்குப் பெயர் தர, அம்மனிதர் மற்றோர் ஊர்க்குப் பெயர் தந்தார் என்று முடிவதும் அழகே. ஆயினும் 1693-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கும்பினியார் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் தண்டையார்ப்பேட்டையையும் பெற்றனர் என்பது சென்னை வரலாறு. மஸ்தான் சாகிபு அவர்களோ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்தவர். ஆகவே ஊர்ப்பெயர் ஞானியாருக்கு மூத்தது. அவர்பால் மக்கள் வைத்த அன்பு பழைய பெயருக்குப் புதிய பொருள் கண்டது என்று கொள்ளுதலே பொருந்தும். ஒரு சொல்லில் ஆர் விகுதியைக் கண்டவுடன் அதனுள் ஒரு பெரியாரைத் தேடுவது தமிழர் இயல்பு போலும்.

பிறந்த ஊரன்றி உழைத்த ஊர் பெயராக நிலைபெறுதலும் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்தவர். இளமையிலேயே சுவார்ட்சு ஐயரோடு தஞ்சை சென்று, அங்கேயே கல்வி கற்றுக் கற்பித்துப் பாடி வாழ்ந்தமையால் தஞ்சைக்கு உரியவரானார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரினர். மாயூரத்தில் முன்சீபாக இருந்து நீதி வழங்கியமையால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றே நாடு அவரை அறியும். இவ்விருவரையும் வந்த ஊரார் தம்மூராராகவே ஏற்றுக்கொண்டனர். ஊர்வழிப் பெயர் பிறப்போடு முடிந்துவிடுவதன்று. ஏற்கும் மனம் இருந்தால் அது புதிதாகவும் பிறக்கும் என்பதற்கு இவை சான்று.

இனி, வேதாகமத் தமிழில் இப்பெயர்கள் அமைந்த திறத்தைச் சிறிது கூறுதல் எமக்குக் கடமையாம். புதிய ஏற்பாட்டில் பவுல் அடிகள் சபைகளுக்கு எழுதிய நிருபங்கள் ஒன்பதும் ஊர்வழிப் பெயர்களையே தலைப்பாகக் கொண்டவை. ரோமர், கொரிந்தியர், கலாத்தியர், எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர், தெசலோனிக்கேயர் என்பன அவை. இவற்றுட் பிலிப்பி, கொலோசே, தெசலோனிக்கே என்னும் பட்டணங்களின் பெயர்கள் உயிரீறாதலின் யகர உடம்படுமெய் பெற்று அர் விகுதி ஏற்றன. பொன்னேரியான் என்பதனோடு ஒப்பிட்டுக் காண்க. கொரிந்து, எபேசு என்பன நம் மரபின்படி கொரிந்தர், எபேசர் என்றல்லவோ ஆதல் வேண்டும்? கொரிந்தியர், எபேசியர் என நின்றமைக்கு அயன்மொழி வடிவின் செல்வாக்கே காரணம். அம்முறையே பின்னர்ப் பரவி இந்தியர், ஐரோப்பியர், மலேசியர், கனேடியர் என இன்று செய்தித்தாள்களில் நாம் காணும் சொற்களையெல்லாம் எளிதில் ஏற்கச் செய்தது.

நாசரேத்து ஊரினராகிய இயேசு பெருமானை நசரேயன் என்று தமிழ் வேதாகமம் கூறும். பழைய ஏற்பாட்டில் நேர்ந்துகொண்டு விரதம் காத்தவனையும் நசரேயன் என்றே அது கூறும். மூலமொழிகளில் வேறு வேறான இருசொற்கள் தமிழில் ஒரு வடிவு பெற்றன. தூத்துக்குடி மாவட்டத்திலும் நாசரேத்து என்று ஓர் ஊர் உண்டு. நம் விடுதியில் அவ்வூர் மாணவர் இருப்பின் அவரை நாசரேத்துக்காரர் என்போமேயன்றி நசரேயன் என்னோம். ஊர் ஒன்றே போல் ஒலிப்பினும் விகுதி வேறுபட்டமையால் ஒன்று வழிபாட்டுச் சொல்லாயிற்று; மற்றொன்று அன்றாடச் சொல்லாயிற்று.

அவ்வழிபாட்டுச் சொல்லும் தொடக்கத்தில் இழிவை உட்கொண்டதே என்பதை மறத்தலாகாது. நாசரேத்திலிருந்து நன்மை ஏதும் வரக்கூடுமோ என்று நாத்தான்வேல் ஐயுற்றான். இராயபுரத்துக் கோயில் எவர் பெயரால் நிற்கின்றதோ அந்த இராயப்பராகிய பேதுரு, தலைமை ஆசாரியரின் முற்றத்தில் நின்றபோது, அவருடைய பேச்சே அவரைக் கலிலேயன் என்று காட்டிக்கொடுத்தது. இங்கு ஊர்ப்பெயர் ஒரு குற்றச்சாட்டாகவே வந்தது. சமாரியன் என்னும் சொல்லோ யூதர் வாயில் வசையாகவே வழங்கியது. அவ்வசைச்சொல்லை ஓர் உவமைக் கதை தலைகீழாக மாற்றிற்று. வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனை எடுத்துப் பேணிய சமாரியன் காரணமாக, இன்று அச்சொல் உலக மொழிகள் பலவற்றில் உதவுவோனுக்குப் பெயராய் உள்ளது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்த திருத்தம், விபத்திற் சிக்கியவரைக் காப்போருக்கு அப்பெயரையே தந்து பாதுகாப்பளிக்கின்றது. ஓர் ஊர்வழிப் பெயரின் பொருள் செயலால் மாறும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

நம் கரைக்கு வந்த அயலவர்க்கு நாம் இட்ட பெயர்களும் சுவையானவை. ஆசியா மைனரின் மேலைக் கரையில் இருந்த அயோனியா நாட்டாரைக் குறித்த சொல் பாரசீகத்தும் வடமொழியிலும் புகுந்து யவனர் எனத் தமிழில் வந்தது. பின் கிரேக்கர், உரோமர் அனைவருக்கும் பொதுவாயிற்று. அதுவே சோனகர் எனத் திரிந்து அராபியருக்கும் பெயராயிற்று என்பர். பழவேற்காட்டில் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர் ஒல்லாந்தர் எனப்பட்டனர். ஒல்லாந்து அவர் நாட்டின் ஒரு பகுதியே. பகுதியின் பெயர் முழுமைக்கும் ஆயிற்று. சென்னையில் ஆர்மீனிய வணிகர் தம் கோயிலைக் கட்டிய தெருவை ஆங்கிலேயர் ஆர்மீனியன் தெரு என்றனர். தமிழ் மக்களோ அதனை அரண்மனைக்காரன் தெரு ஆக்கினர். ஆர்மீனியாவை அறியாத செவிக்கு அரண்மனையே கேட்டது. தெருவில் அரண்மனையும் இல்லை. இன்று அங்கு ஆர்மீனியக் குடிகளையும் காண்பது அரிது. பெயர் மட்டும் நிலைத்தது.

நாம் பிறர்க்கு இட்டது போலவே பிறரும் நமக்கு இட்டனர். நம் பக்கத்துத் தெலுங்கர் தமிழரை அரவர் என்றும் தமிழை அரவம் என்றும் கூறுவர். முன்னர்க் கூறிய அருவாளன் என்னும் நிலப்பெயரோடு இதனை இயைத்துக் காண்பார் உளர். வேறு காரணம் கூறுவாரும் உளர். அருவா வடதலை என்பது தொண்டைநாட்டின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படுதலின் முன்னவர் கருத்துத் தெலுங்கு எல்லைக்கு அணித்தாய மீஞ்சூராராகிய எமக்கு இனிதாகத் தோன்றுகின்றது. இனிமை சான்றாகாது என்பதையும் அறிவோம். சோழியன் என்னும் மற்றைச் சொல் கடல் கடந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சூலியாத் தெரு என்னும் பெயருடைய தெருக்கள் உள்ளன. சோழமண்டலக் கரையினின்று சென்ற தமிழ் முசுலிம் வணிகர் சூலியர் எனப்பட்டனர்; சோழம் என்பதே அதன் வேர் என்பது அறிஞர் பலர் கொள்கை. ஏட்டுரையில் யாம் படித்த எடுத்துக்காட்டு இன்றும் ஒரு தெருமுனைப் பலகையில் நிற்பதை எண்ணுந்தோறும் உள்ளம் மகிழ்கின்றது.

மகிழ்ச்சி தராத பெயர்களும் உள. மலாய் நாட்டில் தமிழரைக் கிளிங் என்றனர். அது கலிங்கம் என்பதன் திரிபு. நாம் பிறவாத நாட்டின் பெயர். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் என்னும் பெயரில் அஃது பெருமையோடு நிற்பினும், பிற்காலத்து வாய்ச்சொல்லில் அது தமிழர் பொறாத இழிசொல் ஆயிற்று. வடநாட்டு நகரங்களில் தென்னாட்டார் அனைவரும் மதராசி எனப்பட்டனர். மதராசு மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று; மதராசு நகரம் 1996-இல் சென்னை ஆயிற்று. மதராசு என்னும் பெயர் ஆட்சியில் நீங்கியபின்பும் மதராசி நீங்கவில்லை. மலையாளியும் கன்னடரும் தெலுங்கரும் தமிழரும் அச்சொல்லில் ஒருங்கே மறைந்தனர். அதைக் கேட்டு நம்மவர் வருந்தினர், வருந்தியது முறையே.

பர்மா சென்ற தமிழர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கே இந்தியர் அனைவரும் கலா எனப்பட்டனர். 1962-இல் படையாட்சி ஏற்பட்டு வணிகங்கள் அரசுடைமையானபின் அவர்கள் பெருந்தொகையினராய்த் திரும்பினர். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் பர்மாக்காரர். சென்னைக் கடற்கரை நிலையத்து எதிரே பர்மா பஜாரும், எண்ணூரில் பர்மா நகரும் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. பர்மாவில் பர்மியர் ஆகாதவர் தமிழ்நாட்டிற் பர்மாக்காரர் ஆயினர்! இருந்த இடத்தின் பெயர் ஒருபோதும் வாயாமல், விட்டு வந்த இடத்தின் பெயரே இருமுறையும் அவர்களைத் தொடர்ந்தது.

ஈழத்து மலைத்தோட்டங்களிற் காப்பியும் தேயிலையும் வளர்த்த தமிழர்க்கும் இதுவே நேர்ந்தது. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு முதல் அவர்கள் அங்கே இந்தியத் தமிழர் என்று தனியே குறிக்கப்பட்டனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இழந்தனர். 1964-இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கையின்படி இங்கு வந்தோர் சிலோன்காரர் எனப்பட்டனர். அங்கேயே தங்கியோரின் வழித்தோன்றல்களோ தம்மை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொள்ளலாயினர். அவர்தம் முன்னோர் புறப்பட்ட மாவட்டம் எதுவும் அப்பெயரில் இல்லை. அவர்கள் வியர்வை சிந்திய மலையே உள்ளது. யாம் மேலே கண்ட பெயர்களெல்லாம் பிறர் இட்டவை. இஃது ஒரு மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்டது. ஆதலின் ஊர்வழிப் பெயர்கள் அனைத்தினும் இதனை யாம் தலையாயதாகக் கருதுகின்றோம்.

இத்துணையும் கூறியபின் எம் ஊர்ப் பக்கத்துக்கு மீள்கின்றோம். எண்ணூர் முதல் மீஞ்சூர், காட்டுப்பள்ளி வரை துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ள இக்கடற்கரைப் பகுதிக்குப் பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களினின்று உழைப்பாளர் வந்து வேலை செய்கின்றனர். அவர்களுக்கு நாம் இட்டுள்ள பெயர் யாது? வடக்கன்! பண்டைத் தமிழர் வேங்கடத்துக்கு அப்பாலுள்ளாரை வடுகர் என்று திசையாற் சுட்டினர். இன்று அத்திசைச் சொல் இன்னும் விரிந்து, பாதி நாட்டைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. போச்புரி பேசுவோனும் ஒடியா பேசுவோனும் வங்காளியும் சந்தாலியும் அதில் ஒருவரே. மதராசி என்னும் சொல் நான்கு மொழியினரை விழுங்கியது என்று வருந்திய நாம், வடக்கன் என்னும் சொல்லால் அதனினும் பலரை விழுங்குகின்றோம். அன் விகுதி இலக்கணத்தில் ஆண்பால் ஒருமையே; வேலன், முருகன் என அன்போடு வருவதும் அதுவே. வடக்கன் என்னும்போது அஃது ஏன் வசையாய் ஒலிக்கின்றது என்பதை ஒவ்வொருவரும் தம் செவியையே கேட்டுக்கொள்ளலாம்.

2025-ஆம் ஆண்டு செப்தெம்பர் 30-ஆம் நாள், எண்ணூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து தொழிலாளர் ஒன்பதின்மர் மாண்டனர். அவர்கள் அஸ்ஸாமினர். தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு அஸ்ஸாம் வடகிழக்குக் கோடியில் இருப்பது தெரியும். எம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் அன்று மாலை பேசியோர் பலர்க்கு அவர்களும் வடக்கரே. பேசியவர் நெஞ்சில் இரக்கம் இல்லாமலில்லை. சொல்லில் அவர்களுக்கு ஊர் இல்லை. வாழும்போது பெயர் தராத ஊருக்கு, ஒருவர் இறந்தபின் அவருடலை அனுப்புதற்காகவேனும் அவரூர் எது என்று கேட்க நேர்ந்தது.

ஆகவே மாணவ அன்பர்களுக்கு யாம் கூறுவது இது. ஊரால் ஒருவரை அழைத்தல் தவறன்று. தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் நன்முறையே அது. ஆனால் அழைக்குமுன் ஊர் யாது என்று கேட்டல் வேண்டும். திசையைச் சொல்லி அழைப்பது ஊரைச் சொல்லி அழைப்பதாகாது. ஒருவரைப் பாட்னாக்காரர் என்றும், கட்டக்குக்காரர் என்றும், சிலகாலம் ஒருங்கு வாழ்ந்தபின் மீஞ்சூர்க்காரர் என்றும் அழைத்தற்கு நம் மொழியில் விகுதிக்குப் பஞ்சமில்லை. திருநெல்வேலிப் பிள்ளையைத் தஞ்சையார் தஞ்சைக்குரியவராகக் கொண்டதும், குளத்தூராரை மாயூரத்தார் மாயூரத்தவராகக் கொண்டதும் இத்தமிழ்நாட்டிலேயே நடந்தவை. அப்பெருமை நாவலாசிரியர்க்கும் பாடற்புலவர்க்கும் மட்டும் உரியதோ? நம் கரையில் துறைமுகம் கட்டுவோனுக்கும் மின்சாரம் தருவோனுக்கும் ஆகாதோ?

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னது நம் பழமொழி. ஊட்டுதற்கு முன் அப்பிள்ளையை அருகழைக்க வேண்டும். அருகழைப்பதற்கு அவனை எப்பெயரால் அழைப்பது என்பதே முதற் கேள்வி. அக்கேள்விக்கு ஒவ்வொருவரும் நன்கு விடை கூறுவாராக என வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.